ஒரே கம்பியில் இரண்டு அழைப்புகள்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் எங்கள் குழு ஒரு பழைய கோப்பை அழித்தது. இரண்டு மூன்று சாதனங்கள் கம்ப்யூட்டரைக் கூப்பிட ஒரே இன்டரப்ட் கம்பியைப் பங்கு போட்டுக்கொண்ட காலத்துக்காக எழுதப்பட்ட டிரைவர் நிரல் பகுதி அது. இப்போது வரும் போர்டுகளில் ஒவ்வொரு சாதனமும் தன் அழைப்பைத் தனிச் செய்தியாக அனுப்பிவிடுகிறது. இனி அந்தக் கோப்பு யாருக்கும் வேண்டாம். அழித்து முடித்ததும், குழுவில் இருந்த பவித்ரா கேட்டாள்: "மேடம், இந்த ஷேரிங் விஷயத்துல நீங்க எப்பவாவது வசமா மாட்டிக்கிட்டீங்களா?"

இப்படிக் கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு கதை உண்டு. வெளிநாட்டில், பெரிய கம்பெனியில் நடந்தது. கடைசியில் ஜெயிப்பது நான்தான். அன்றும் அதையே சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஒப்பவில்லை. அவள் கேட்டது நான் மாட்டிக்கொண்டதைப் பற்றி. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஊர் நகரி, ஆந்திர எல்லைப் பக்கம். வீட்டில் இரண்டு பவர்லூம் ஓடியது. அந்தச் சத்தத்தில் பேசிப் பழகிய என் நைனா, கல்யாண வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். பத்தாவது வரை தமிழில் படித்தேன். பிறகு திருப்பதியில் இன்ஜினியரிங். வகுப்பில் யாராவது தெலுங்கில் வேடிக்கையாகப் பேசினால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு நான் சிரிப்பேன். படித்து முடித்த நேரத்தில் நாடு கதவுகளைத் திறந்துவிட்டிருந்தது. கூடப் படித்தவர்கள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நைனா மட்டும், "அவ்ளோ தூரம் இன்னாத்துக்கு? திருப்பதியிலயே எதனா பாரேன்" என்றார். பார்த்தேன். ரேணிகுண்டா ரோட்டில் தகர ஷெட்டு போட்ட ஒரு சிறிய எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி, மொத்தம் பதினாறு பேர். முதல் இரண்டு வருடம் சால்டரிங் புகையிலும் மேனுவல் புத்தகங்களிலும் போனது.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் சுதாகர் காரு. ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நம் மேஜைக்கு வந்தால் கீபோர்டைத் தொடமாட்டார். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைத்து முடிக்கும் வரை நாம் பேசலாம். மாட்டிக்கொண்ட பிறகு அவர் கேள்வி வரும். எந்தப் பழுதாக இருந்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: "சூசாவா, அனுகுன்னாவா?" பார்த்தாயா, இல்லை நினைத்துக்கொண்டாயா? பழுது புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டுப் பிரித்திருந்தார். கண்ணால் பார்த்தது இடது பக்கம், நினைத்தது வலது பக்கம். வலது பக்கத்தை நம்பி யாரும் ஒரு வரி நிரல்கூட மாற்றக்கூடாது என்பது ஷெட்டின் சட்டம்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்குக் கிடைத்த பெரிய வேலை பால் சொசைட்டி மிஷின். கிராமத்தில் காலையும் மாலையும் பால் ஊற்றும் இடத்தில் ஒரு கம்ப்யூட்டர். அதில் எடை பார்க்கும் தராசும், பாலில் கொழுப்பு எவ்வளவு என்று சொல்லும் டெஸ்டரும் இணைந்திருக்கும். இரண்டிலிருந்தும் வரும் எண்களை அந்தந்த ஆளின் பெயரில் சேர்த்து ஒரு சீட்டு அச்சடித்துத் தரவேண்டும். தகவல் வந்ததும் தராசோ டெஸ்டரோ கம்ப்யூட்டரை "வந்து எடு" என்று கூப்பிடும். அந்த அழைப்புக்குப் பெயர்தான் இன்டரப்ட். கூப்பிட்டதும் கம்ப்யூட்டர் செய்துகொண்டிருப்பதை அப்படியே நிறுத்திவிட்டுப் போய்த் தகவலை எடுத்துவைத்து, விட்ட இடத்துக்குத் திரும்பவேண்டும். போய் எடுத்துவரும் அந்தச் சின்னப் பகுதியை எழுதியவள் நான். கம்ப்யூட்டரில் காலியாக ஒரே ஒரு அழைப்புக் கம்பிதான் இருந்தது. தராசையும் டெஸ்டரையும் அதிலேயே சேர்த்திருந்தோம்.

முதலில் ஆறு கிராமங்களில் வைத்தோம். ஒரு மாதத்தில் புகார் வந்தது. எப்போதாவது மிஷின் அப்படியே உறைந்துவிடுகிறது, அணைத்துப் போட்டால்தான் ஓடுகிறது என்றார்கள். ஷெட்டில் வைத்துப் பத்து நாள் ஓட்டினேன். ஒரு தடவைகூட உறையவில்லை. கிராமத்துக் கரண்ட்டில் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினேன். பிறகு ஒரு டைமர் எழுதினேன். பத்து விநாடி எந்த அழைப்பும் வராவிட்டால் கம்ப்யூட்டர் தானாகப் போய் இரண்டு இடத்திலும் தகவல் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளும். உறைவது நின்றுவிட்டது.

சுதாகர் காரு புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். இடது பக்கம் காலி. வலது பக்கம் 'கரண்ட்' என்று ஒரே சொல்.

"ஏன் உறையுதுன்னு தெரியலையே, அம்மா."

"ஆனா இப்ப உறையறதில்ல, சார்."

அந்த வாரம்தான், சொசைட்டிகளிடம் பால் வாங்கும் டெய்ரிக்காரர்கள் மேலும் இருபது கிராமங்களுக்கு மிஷின் கேட்டிருந்தார்கள். அவர் கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

நான்கு மாதம் கழித்து, பெங்களூரில் ஒரு கம்பெனி எனக்கு வேலை கொடுத்திருந்த சமயத்தில், ஷெட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். கையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை.

"இந்தக் கம்பெனிதானே பால் மிஷின் செஞ்சது? ஸ்டிக்கர்ல அட்ரஸ் போட்டுக் கீது."

பெயர் மஞ்சுளா. வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவள் மாமனார் காலம் வரை குடும்பத்துக்குச் சொந்தமாக நிலம் கிடையாது. இப்போது கொஞ்சம் நிலமும் இரண்டு எருமைகளும் இருந்தன. காலையில் பால் ஊற்றிவிட்டு, தடா வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் பஸ் பிடித்து ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வருகிறாள். எருமைப் பாலில் ஏழு வரை இருக்கவேண்டிய கொழுப்பு சில நாள் மூன்றரை, நான்கு என்று காட்டியிருக்கிறது. தண்ணீர் கலக்கிறாள் என்று சொசைட்டியில் அவள் பாலை நிறுத்திவிட்டார்கள். கரும்பலகையில் பெயரையும் எழுதிவிட்டார்கள்.

"பதினோரு நாளு ஆவுது. எம்பேரைப் பலகையில பாத்துக்கினே பஸ் ஏறிப் போறேன். எம்பொண்ணை ஸ்கூல்ல 'தண்ணிப்பால்'னு கூப்பிடறாங்களாம்" என்றாள். அழவில்லை. பையை என் மேஜைமேல் கவிழ்த்தாள். எல்லாம் எங்கள் மிஷின் அச்சடித்த சீட்டுகள். நாள்வாரியாக ஜோடி ஜோடியாகக் குண்டூசி குத்தியிருந்தாள்.

"மேல கீறது என் சீட்டு. கீழ கீறது எனக்கு முன்னாடி ஊத்தற பக்கத்து வீட்டு அக்காவோடது. அவங்களது பசு. பாரு, எனக்குக் கம்மியா வந்த நாள்லாம் ரெண்டு சீட்டுலயும் ஒரே நம்பர்."

பார்த்தேன். 3.6, 3.6. இன்னொரு நாள் 3.9, 3.9. ஏழு ஜோடி. அந்த ஏழு நாளும் பக்கத்து வீட்டுக்காரியின் சீட்டில் ஓரத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் இருந்தது. டெஸ்டரிலிருந்து எண் வராமல், கையால் அடித்து ஏற்றியது என்பதற்கு நான் வைத்த அடையாளம் அது.

சுதாகர் காரு சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றிருந்தார். குனிந்து சீட்டுகளைப் பார்த்தார்.

"இந்தம்மா பார்த்திருக்காங்க. நாம நினைச்சுக்கிட்டோம்" என்றார் தெலுங்கில். "அந்தச் சொசைட்டியில போய் உட்காரு. எத்தனை நாள் ஆனாலும் சரி."

அடுத்த நாள் விடிந்ததும் நான் அந்தச் சொசைட்டியில் இருந்தேன். அங்கே செகரட்டரி முனிரத்தினம்தான் மிஷினையும் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர். கண்டிப்பானவர். "மிஷின் பொய் சொல்லாதும்மா" என்று எனக்கே சொன்னார். திரையின் மூலையில் ஒரு எண்ணைத் தெரியவைத்தேன். ஒவ்வொரு அழைப்புக்கும் அது ஒன்று கூடும். இரண்டு காலை பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. எண் கூடிக்கொண்டே போனது. எல்லோருக்கும் சரியான சீட்டு வந்தது.

மஞ்சுளா இல்லாத வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது இரண்டாம் நாள்தான் உறைத்தது. முனிரத்தினத்திடம் போய்க் கேட்டேன்.

"அவங்க பாலை நீங்க எடுத்துக்க வேண்டாம்ணா. வரிசையில நின்னு, தினம் செய்யற மாதிரியே செய்யட்டும். நான் பார்க்கணும்."

"ஊரு என்னைக் கேள்வி கேக்கும்மா."

"நான் பதில் சொல்றேன்."

மூன்றாம் நாள் அவள் கேனோடு வந்து தன் வழக்கமான இடத்தில் நின்றாள். அவளுக்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்கா. அக்காவின் பால் எடை போட்டாயிற்று. டெஸ்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குச் சற்று நேரம் பிடிக்கும். மற்றவர்கள் அந்த நேரத்தில் சும்மா நிற்பார்கள். மஞ்சுளா மட்டும் கேனை ஏற்கெனவே தராசின்மேல் வைத்துவிட்டாள்.

"தினம் இப்படித்தானா?"

"பஸ்ஸு போய்டுமே. செகரட்டரி அண்ணந்தான் வச்சிக்கச் சொன்னாரு."

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் இல்லை. ஐந்தாம் நாள், அவள் கேன் தராசில் அசைந்து நின்ற கணத்திலேயே டெஸ்டரும் வேலையை முடித்தது. டெஸ்டரின் சொந்த முகத்தில் 3.7 என்று ஒளிர்ந்தது. கம்ப்யூட்டர் திரையில் ஒன்றும் வரவில்லை. மூலையில் என் எண் நின்றுவிட்டிருந்தது. முனிரத்தினம் பழக்கத்தில் டெஸ்டரைப் பார்த்து 3.7 என்று அக்காவின் பெயரில் கையால் அடித்தார். சீட்டு வந்தது, நட்சத்திரத்தோடு. அடுத்து மஞ்சுளாவின் உறுப்பினர் எண்ணை அடித்தார். அவள் பால் டெஸ்டருக்குள் போவதற்கு முன்பே, என் டைமர் விழித்துக்கொண்டு, தேங்கிக் கிடந்த 3.7-ஐ எடுத்து அவள் பெயரில் போட்டது. பிறகு வந்த 6.9-ஐ என் நிரல், "இவருக்கு ஏற்கெனவே வந்துவிட்டது" என்று தள்ளிவிட்டது. திரையில் எண் வந்துவிட்டதால் டெஸ்டரின் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

எல்லோருக்கும் முன்னால் திரையில் நடந்தது. அதைப் புரிந்துகொண்டவள் நான் ஒருத்திதான். அந்த நேரத்தில் எனக்கு வந்தது வெட்கமா நிம்மதியா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு வீட்டுக்கு ஒரே அழைப்பு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானைப் புதிதாக அழுத்தும்போதுதான் மணி அடிக்கும். ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கும்போதே இன்னொருவரும் அழுத்தினால் இரண்டாவது மணி கேட்காது. என் நிரல் மணி கேட்டுப் போகும். முதலில் டெஸ்டர் வாசலில் பார்க்கும், யாருமில்லை. பிறகு தராசு வாசலில் எடையை வாங்கும். அதை வாங்கும்போதே டெஸ்டர் வாசலில் ஆள் வந்து பொத்தானை அழுத்திவிடுவார். அதை அறியாமல் என் நிரல் திரும்பிவிடும். அவர் விரலை எடுக்கமாட்டார். அதன் பிறகு யார் அழுத்தினாலும் மணி அடிக்காது. பழைய உறைதலுக்குக் காரணம் இதுதான். அதைக் கண்டுபிடிக்காமல், டைமர் போட்டு மூடிவைத்தேன். உறைந்த மிஷினாவது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நான் மூடிவைத்தது ஒருத்தியின் பெயரில் போய் விழுந்தது.

திருத்தம் நான்கு வரி. இரண்டு வாசலிலும் யாருமில்லை என்று ஆகும்வரை மறுபடி மறுபடி பார்த்துவிட்டுத்தான் திரும்பவேண்டும். டைமரை எடுத்து எறிந்தேன்.

ஷெட்டுக்குத் திரும்பி எல்லாவற்றையும் புத்தகத்தின் இடது பக்கத்தில் எழுதினேன். சுதாகர் காரு படித்தார். அந்த இருபது மிஷின்களும் பெட்டி கட்டித் தயாராக வாசலில் இருந்தன.

"டெய்ரிக்கு லெட்டர் எழுது. எந்த வரி, என்ன தப்பு, எல்லாம். கையெழுத்து நான் போடறேன். அந்த டைமருக்குக் கையெழுத்துப் போட்டவன் நான்தானே."

"ஆர்டர் போய்டும், சார்."

"போகலாம். தெரியாது. அது வலது பக்கம்."

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"லெட்டர் டெய்ரிக்குப் போகும், சார். அந்தம்மாவை நிறுத்தினது ஊர் முன்னாடி."

"அங்கே பேச எனக்குத் தமிழ் போதாது. நீ பேசு. நான் பக்கத்துல நிக்கறேன்."

மறுநாள் காலை பால் நேரத்தில் இருவரும் போய் நின்றோம். ஐம்பது பேர் இருப்பார்கள். நான் பேசத் தொடங்கினேன். மிஷினில் ஒரு சிறிய கோளாறு இருந்தது, அது சரி செய்யப்பட்டுவிட்டது, அதனால் ஏற்பட்ட சிரமத்துக்கு... மஞ்சுளா குறுக்கே பேசினாள்.

"மிஷின் தப்பு பண்ணிச்சுன்னு சொல்றியே. மிஷினுக்குள்ள எழுதனது யாரு?"

"நான்தான்."

"அப்போ நீ தப்பு பண்ணேன்னு சொல்லு."

முனிரத்தினம் தரையைப் பார்த்தார்.

"நான்தான் தப்பு பண்ணேன். மஞ்சுளா பால்ல ஒரு சொட்டுத் தண்ணி கலக்கல. முதல்ல ஒரு தப்பு பண்ணேன், அதைக் கண்டுபிடிக்காம மேல ஒண்ணைப் போட்டு மூடினேன். அதனாலதான் அவங்க பேர் கெட்டது." நிரலில் வரும் தவறை இங்கிலீஷில் ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன், 'பக்' என்று. தமிழில் சொல்லும்போதுதான் அதன் கனம் தெரிந்தது.

"இன்னா தப்பு? வெளங்கற மாரி சொல்லு" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார். அழைப்பு மணியை வைத்துச் சொன்னேன். மஞ்சுளா புருவத்தைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ கெளம்பறதுக்கு முன்னால இன்னொரு தரம் எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"ஆமாங்க. இப்ப அதைத்தான் எழுதியிருக்கேன்."

"இதுக்கா அஞ்சு நாளு உக்காந்துகினு இருந்த?" என்றாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. "பலகையில எழுது. எம்பேரை எங்க போட்டாங்களோ அங்கயே."

முனிரத்தினம் தாமே சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தார். அவள் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினேன். கீழே சுதாகர் காரு தெலுங்கில் எழுதினார். இரண்டும் ஒன்றுதானா என்று இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள். பிறகு கேனை எடுத்துக்கொண்டு வரிசையில் தன் இடத்துக்குப் போனாள். அக்காவின் பால் டெஸ்டரில் ஓடும்போதே தராசில் கேனை வைத்தாள். "இருமா, முடியட்டும்" என்று முனிரத்தினம் பதறினார். "வைக்கட்டும்ணா" என்றேன். அக்காவுக்கு 3.8. மஞ்சுளாவுக்கு 7.0. சீட்டை வாங்கிப் பார்த்து, மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஆர்டர் போகவில்லை. டெய்ரி அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு, எல்லா மிஷினையும் திருத்திய பிறகே புதியதை இறக்கவேண்டும் என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. பெங்களூர் கம்பெனியிடம் ஒரு மாதம் தள்ளிக் கேட்டுக்கொண்டு, ஃப்ளாப்பியோடு மற்ற ஐந்து ஊருக்கும் நானே பஸ்ஸில் போனேன். ஒவ்வொரு ஊரிலும் பழைய சீட்டுகளில் நட்சத்திரம் தேடினேன். இன்னும் இரண்டு பேர் கிடைத்தார்கள். அவர்கள் பாலை யாரும் நிறுத்தவில்லை என்றாலும், உட்கார்ந்து சொல்லிவிட்டு வந்தேன்.

பெங்களூர் போனேன். பிறகு கடல் தாண்டியும் போனேன். எத்தனையோ கெர்னல், எத்தனையோ டிரைவர். அதெல்லாம் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். ஆனால் பெங்களூர் போன அடுத்த வருடம் தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது நடந்ததைச் சொல்லவேண்டும்.

சுதாகர் காரு அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போகிறவர், வருகிறாயா என்று கேட்டார். போனோம். சொசைட்டியில் முனிரத்தினம் நாற்காலியில் இல்லை, வாசலில் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். மிஷினுக்கு முன்னால் மஞ்சுளா உட்கார்ந்திருந்தாள். டெய்ரியிலிருந்து, மிஷினுக்குத் தனியாக ஒரு ஆள் போடச் சொன்னார்களாம். யாரைப் போடலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது, அவள் பெயரைச் சொன்னவர் முனிரத்தினம்தான். "அந்தம்மா அளவுக்குச் சீட்டைப் படிக்கறவங்க இந்த ஊர்ல யாரும் இல்லம்மா" என்றார் என்னிடம். கும்மிடிப்பூண்டி வேலையை விட்டுவிட்டாளாம்.

நான் உள்ளே எட்டிப் பார்த்து, "மஞ்சுளா, என்னைத் தெரியுதா?" என்றேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்தவரின் எண்ணை அடித்து, தராசைப் பார்த்து, டெஸ்டரைப் பார்த்து, சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

"தெரியாம இன்னா? நகரிக்காரம்மாதானே. செத்த வெளிய நில்லு. இன்னும் ஒம்போது பேரு கீறாங்க. வரிசை முடியட்டும், வர்றேன்."

"வாங்கம்மா, டீ சாப்பிடலாம்" என்று முனிரத்தினம் கூப்பிட்டார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, வெயில் ஏறிக்கொண்டிருந்த அந்த வாசலில் ஒன்பது பேருக்குப் பின்னால் போய் நின்றேன்.